நோர்வேயைப் பார்த்துவிட்டு வருகிறேன்

ஒஸ்லோ
11 மே 2025

அன்புள்ள உதயா,

கையால் எழுதிய கடிதத்தைக் கண்டதும் ஆரோ செத்துப்போனதாக நினைத்துவிடாதேயும். எல்லோரும் நலம். போனில் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கதைக்கிறோம். கடைசியாக மாமியின், உம்முடைய அம்மாவின், ஒரு வருச ஆட்டத்திவசத்துக்கு அடுத்த நாள் அப்படிக் கதைத்தபோதுதான் நீர் போனை வைத்தீர். அதற்குப் பிறகு எங்கள் குடும்ப வாழ்க்கை மகள் மதுராவின் போனுக்குள்தான் நடக்கிறது. கடிதத்தில் ஒருவர் முடித்த பிறகுதான் மற்றவர் தொடங்கலாம். இந்த வசதியை மனுக்குலம் ஏன் கைவிட்டது என்று எனக்கு விளங்கவில்லை.

முதல் செய்தி, பஸ் கொம்பனி வேலையை விட்டுவிட்டேன். பிரியாவிடையில் ஒரு கேக்கும் ஒரு கைமணிக்கூடும் தந்தார்கள். கால் நூற்றாண்டாக நேர அட்டவணைக்குப் பயந்து வாழ்ந்த மனிதனுக்கு மணிக்கூடு.

இரண்டாவது, வீட்டுச் சாவியை மாத முடிவில் ஒப்படைக்கிறேன். சாமான்கள் எல்லாம் போய்விட்டன. உம்முடைய குளிர்க்கோட்டையும் கொடுத்துவிட்டேன். நீர் சுகமில்லாத மாமியைப் பார்க்க ஊருக்குப் போனீர். மாமி கண்மூடின பிறகு, முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடிய வருவீர் என்றிருந்தேன். ஆட்டத்திவசம் முடிய வருவீர் என்றிருந்தேன். அன்றைக்கு மதுராவுக்கு எழுதினீர், “அந்தக் கோட்டை ஆருக்காவது குடுக்கச் சொல்லு” என்று. மனைவி இனித் திரும்பி வரமாட்டா என்பதை ஒரு கோட்டின் மூலம் அறிந்துகொண்ட கணவன் இந்த நாட்டு வரலாற்றில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அடுத்த நாள் போனில், எல்லாவற்றையும் தனிய முடிவெடுத்துவிட்டு அறிவிப்பதற்கு நான் உமக்குப் புருசனா, வாசகனா என்று கேட்டேன். கேள்வி சரி. சத்தம்தான் கொஞ்சம் கூடிவிட்டது.

மூன்றாவது செய்தியைக் கேட்டுச் சிரிப்பீர். ஊருக்கு வருவதற்கு முன் நோர்வேயை ஒருமுறை சுற்றிப் பார்க்கப்போகிறேன்.

இதற்குக் காரணம் உம்முடைய தம்பிஐயா மாமா. மாமியின் செத்தவீட்டில், பந்தலுக்குக் கீழே, ஊரே இருக்க என்னிடம் கேட்டார்: “மருமோன், உந்தக் கெய்ராங்கர் மலையளுக்குள்ளாலை கடல் எவ்வளவு தூரம் உள்ளுக்கு வருது?” வவுனியாவுக்கு அப்பால் போகாத மனிதர். யூரியூபில் பார்த்திருக்கிறார். நான் “நல்ல தூரம்” என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், இவன் உண்மையில் நோர்வேயில்தான் இருக்கிறானா என்ற சந்தேகம் இருந்தது. எனக்கும் வந்துவிட்டது.

நாங்கள் விடுமுறைக்கு எங்கே போனோம்? பாரிஸுக்குப் போனோம், உம்முடைய மச்சாளின் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு. ஈபிள் கோபுரம் காருக்குள்ளால் தெரிந்தது, சோறு ஆறிவிடும் என்று நிற்பாட்டவில்லை. இலண்டனில் கலியாணம். ரொறன்ரோவில் கலியாணமும் செத்தவீடும். நோர்வேக்குள் ஒரு இடத்துக்கும் போகவில்லை, ஏனென்றால் அங்கே ஒருவரும் எங்களைக் கூப்பிடவில்லை. முதலில் வடக்கே மீன் தொழிற்சாலையில் இருந்தோமே, நோர்த் கேப் அங்கிருந்து அரை மணி நேரக் கார்ப் பயணம். உலகத்தின் அந்தத்தைப் பார்க்கச் சனம் கப்பலில் வந்தது. நாங்கள் அடுத்த ஞாயிறு பார்ப்போம் என்றிருந்தோம்.

பயணம் முடிந்ததும் வரலாம் என்று நினைக்கிறேன். நீர் என்ன சொல்கிறீர்? பதிலை மதுராவின் பெர்கன் விலாசத்துக்குப் போடும்.

ஜெயதீபன்


அரியாலை
1 ஜூன் 2025

இஞ்சாருங்கோ,

கடிதம் எப்படித் தொடங்குவது என்று மறந்துபோச்சு. கூப்பிடுகிற மாதிரியே தொடங்குகிறேன்.

கடிதம் கிடைத்தது. தம்பிஐயா மாமா படலையில் நின்று வாங்கி, முத்திரையைப் பார்த்து, மேலே பார்த்து, கீழே பார்த்து, மனமில்லாமல் என்னிடம் தந்தார்.

“நீர் என்ன சொல்கிறீர்?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றும் சொல்லவில்லை. நான் தனிய முடிவெடுக்கிறேன் என்று நீங்கள்தானே குறை சொன்னீர்கள். அன்றோடு உங்களைப் பற்றி முடிவெடுக்கிற வேலையை விட்டுவிட்டேன். வாருங்கோ என்றும் சொல்லமாட்டேன், நில்லுங்கோ என்றும் சொல்லமாட்டேன். ஆறுதலாகச் சுற்றிப் பாருங்கோ. முப்பத்தைந்து வருசம் பார்க்காத நாடு இன்னும் ஒரு வருசம் பொறுக்கும்.

கோட்டைப் பற்றி ஒன்று. நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோட்டில் தொடங்கினால் நீங்கள் ஏன் என்று கேட்பீர்கள், பிறகு மெல்ல மெல்லச் சொல்லலாம் என்று நினைத்தேன். நீங்கள் ஏன் என்று கேட்கவில்லை. கத்தினீர்கள்.

இப்பவும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இங்கே என் பேரை ஒருவரும் எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்வதில்லை. மருந்துக்கடையில், வங்கியில், பஸ்ஸில், உதயகலா என்றால் உதயகலா. அம்மாவுக்கு மருந்து வாங்கப் போன ஒரு நாள் இதைக் கவனித்தேன். அன்றைக்கு வீடு வரைக்கும் நடந்தே வந்தேன். இது ஒரு காரணமா என்று கேட்பீர்கள். எனக்கு இவ்வளவு காணும்.

இன்னொரு புதினம். ஒரு ஜேர்மன் பெட்டை சைக்கிளில் வந்து நிலாவரைக் கிணற்றுக்கு வழி கேட்டாள். எனக்குத் தெரியாது. தம்பிஐயா மாமாவுக்கும் தெரியாது. அவளே போனைப் பார்த்து எங்களுக்கு வழி சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த நாள் மாமாவையும் ஏற்றிக்கொண்டு ஓட்டோவில் போனேன். அடி காணாத கிணறு என்று சின்ன வகுப்பில் படித்தது. எட்டிப் பார்த்தேன். தண்ணீர் பச்சையாக இருந்தது, அடி தெரியவில்லை. மாமா, “இதை யூரியூபிலை போட்டால் இன்னும் வடிவாய்த் தெரியும்” என்றார்.

ஆக, நானும் சுற்றிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன்.

முழங்காலுக்குப் பூசுகிற களிம்பை மறக்காமல் கொண்டுபோங்கோ.

உதயா


பெர்கன்
19 ஜூன் 2025

அன்புள்ள உதயா,

களிம்பு கொண்டுபோனேன். நோர்வேயை நான் அறிந்த வாசம் இப்போது அதுதான்.

பெர்கனில் துறைமுகத்து மரவீடுகளைப் பார்த்தேன். சில நூற்றாண்டுகளாக ஒன்றில் ஒன்று சாய்ந்துகொண்டு நிற்கின்றன. ஒன்றை எடுத்தால் மற்றது விழுந்துவிடும் போலிருக்கிறது. எங்கள் ஆட்களின் கையில் கிடைத்திருந்தால் எப்போதோ இடித்து, மாபிள் போட்டு, படலையில் இரண்டு சிங்கம் வைத்திருப்பார்கள். மழை பெய்தது. மதுரா குடை பிடித்துக்கொண்டு எனக்கு நாட்டைக் காட்டினாள். பிள்ளைக்கு நான் காட்டியிருக்க வேண்டியது. நான் அவளைக் கூட்டிக்கொண்டு போனது தமிழ்ப் பள்ளிக்கூடமும் பல் மருத்துவரும் மட்டும். அவள் பல் மருத்துவராகிவிட்டாள்.

பிறகு கெய்ராங்கருக்குப் போய்த் திரும்பினேன். தம்பிஐயா மாமாவிடம் சொல்லும், கடல் பதினைந்து கிலோமீற்றர் உள்ளே வருகிறது. மேலே பார்வைமேடையில் ஒரு கப்பல் சனத்துக்கு நடுவே நின்று, இப்போதுதான் ஒரு நல்ல யோசனை மனதில் எழும்புகிற நேரம், பக்கத்தில் ஒரு குரல்: “அண்ணை எந்த ஊர்?”

றோய் என்று பேர். மானிப்பாய். அங்கே ஹோட்டல் சமையலறையில் வேலை. சாப்பிட்டீங்களா என்று கேட்டான். சாப்பிட்டேன் என்று சொன்னேன், நம்பவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான். அவன் மனைவி ஜெசிதா இடியப்பமும் சொதியும் வைத்தா. உலகப் புகழ்பெற்ற கெய்ராங்கரை நான் பார்த்தது அவர்களுடைய குசினி யன்னலால், சொதிச் சட்டியின் ஆவிக்குப் பின்னால். வடிவாகத்தான் இருந்தது. ஒன்பது வருடமாக அங்கே இருக்கிறார்கள், பார்வைமேடைக்கு ஜெசிதா ஒருநாளும் ஏறியதில்லையாம். அடுத்த ஞாயிறு போவோம் என்று றோய் சொன்னான். நான் அவனைத் தனியக் கூப்பிட்டு, ஞாயிற்றை நம்பாதே என்று சொன்னேன். அவனுக்கு விளங்கவில்லை.

“அக்கா எப்ப வாறா?” என்று ஜெசிதா கேட்டா. நான் இன்னும் ஒரு இடியப்பம் எடுத்தேன்.

இனி வடக்கே போகலாம் என்றிருக்கிறேன். வழியில் இன்னும் இரண்டு மூன்று மலைகள் இருக்கின்றன. அவசரம் ஒன்றும் இல்லையே? இருந்தால் சொல்லும்.

ஜெயதீபன்


அரியாலை
7 ஜூலை 2025

இஞ்சாருங்கோ,

மாமாவிடம் பதினைந்து கிலோமீற்றர் என்று சொன்னேன். தனக்கு ஏற்கெனவே தெரியும் என்றார். பிறகு ஏன் செத்தவீட்டில் கேட்டீர்கள் என்றேன். “மருமோனுக்குத் தெரியுமோ எண்டு பாத்தனான்” என்றார்.

அவசரம் என்று நான் எப்போது சொன்னேன்? மலைகளைப் பாருங்கோ. அந்த நாட்டில் எத்தனை மலை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, முடிந்ததும் அறிவியுங்கோ. “மருமோன் எப்ப வாறார்?” என்று மாமா ஒவ்வொரு காலையும் கேட்கிறார். மலை முடிய என்கிறேன்.

நெடுந்தீவுக்குப் போய்வந்தேன். குறிகட்டுவானில் படகு ஏறினால் ஒரு மணித்தியாலம். படகின் ஆட்டத்துக்கு நான் சத்தி எடுக்கவில்லை, பக்கத்தில் இருந்த கனடாக்காரர் எடுத்தார். அங்கே குதிரைகள் இருக்கின்றன. முந்தி வெள்ளைக்காரர் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனவையாம். வெயிலுக்கு மெலிந்துபோய் நிற்கின்றன. விட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. குதிரைகள் காத்திருக்கிற மாதிரியும் தெரியவில்லை. மேய்கின்றன. நான் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன், படகுக்காரன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டான்.

வீட்டில் சின்னச் சின்ன வேலை செய்வித்தேன். பாத்ரூமில் கொமட் வைத்தாயிற்று, சுவரில் பிடித்து எழும்ப ஒரு கம்பியும் பூட்டியிருக்கிறது. உங்களுடைய முழங்காலுக்காக என்று நினைக்கவேண்டாம். வீடென்றால் ஆரும் வருவார்கள், போவார்கள்.

உதயா


ஹொனிங்ஸ்வோக்
26 ஜூலை 2025

அன்புள்ள உதயா,

உம்முடைய கடிதத்தை மதுரா போனில் வாசித்துக் காட்டினாள். குதிரை வந்த இடத்தில் அவள் குரல் கொஞ்சம் மாறிவிட்டது. கம்பி வந்த இடத்தில் எனக்கு.

நோர்த் கேப்பைப் பார்த்தேன் என்று எழுதினால் பொய். நோர்த் கேப்பில் நின்றேன். பார்த்தது மூடுபனி. இந்த மாதம் சூரியன் அங்கே மறைவதே இல்லை என்கிறார்கள். நான் போனபோது அது வரவும் இல்லை. இரும்பால் ஒரு பெரிய உலக உருண்டை செய்து முனையில் வைத்திருக்கிறார்கள், மூடுபனி நாளில் வருகிறவர்கள் எதையாவது படம் எடுக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் செய்திருக்கிறார்கள் போல.

அங்கே ஒரு சங்கடம் நடந்தது. ஒரு ஜேர்மன்காரர், என் வயதுதான், மனைவியோடு வந்திருந்தார். படம் எடுத்துத் தரட்டுமா, தனியாகவா வந்தீர்கள் என்று கேட்டார். நான், மனைவி பின்னால் வருகிறா என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. வாய் பழகிவிட்டது. அந்த மனிதர் நல்லவர். அப்படியென்றால் இரண்டு பேரையும் சேர்த்தே எடுக்கிறேன் என்று கமராவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இனி என்ன செய்வது? உண்மையைச் சொல்ல வெட்கம். மூன்று பேருமாகப் பனிக்குள் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒவ்வொரு முறை ஆரோ ஒரு பொம்பிளையின் உருவம் பனிக்குள்ளால் வரும்போதும் அவர் கமராவை உயர்த்தினார். கொஞ்ச நேரம் போக நானும் உண்மையாகவே பார்க்கத் தொடங்கிவிட்டேன். கடைசியில் அவருடைய மனைவிக்குக் குளிர்ந்தது. அவர்கள் போனார்கள். நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.

எங்கள் மீன் தொழிற்சாலையையும் பார்த்தேன். இப்போது அங்கே உல்லாசப் பயணிகளுக்கு நண்டுச் சூப் விற்கிறார்கள். நாங்கள் கையுறைக்குள் விரல் விறைத்து நின்று மீன் வெட்டிய இடத்தில் மெழுகுதிரி கொளுத்தி வைத்திருக்கிறார்கள். நான் சூப் குடித்தேன். உப்புக் காணாது.

பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தாயிற்று. இதற்கு மேல் மலை இல்லை, கடல்தான். பெர்கனுக்குத் திரும்புகிறேன்.

ஜெயதீபன்


அரியாலை
15 ஆகஸ்ட் 2025

இஞ்சாருங்கோ,

அந்த ஜேர்மன்காரரைக் குளிருக்குள் காக்கவைத்தது சரியில்லை.

நான் பின்னால் வருகிறேன் என்று ஆரைக் கேட்டுச் சொன்னீர்கள்? நான் முன்னால் வந்துவிட்டேன். பின்னால் நிற்கிறது ஆர் என்று நீங்களே யோசியுங்கோ.

நோர்த் கேப்புக்குப் போகாத ஞாயிறுகளில் நாங்கள் என்ன செய்தோம் என்று நினைத்துப் பார்த்தேன். நித்திரை கொண்டோம். எழும்பினால் எனக்குக் கத்தி பிடித்த கை நோகும். நீங்கள் ஒரு கோப்பையில் சுடுதண்ணீர் கொண்டுவந்து என் விரல்களை அதற்குள் பிடித்துக்கொண்டு இருப்பீர்கள். தண்ணீர் ஆறும் வரைக்கும் இருப்பீர்கள்.  அந்த நாட்டில் நான் பார்க்காமல் விட்டது ஒன்றும் இல்லை.

உதயா


சாவகச்சேரி
9 செப்டம்பர் 2025

அன்புள்ள உதயா,

மேலே போட்டிருக்கும் ஊர்ப் பெயர் கை தவறி எழுதியதல்ல. நான் அக்கா இரத்தினம்மாவின் வீட்டில் இருக்கிறேன். போன வெள்ளிக்கிழமை வந்தேன்.

கோபிக்க முதல் கேளும். உம்முடைய கடிதத்தை மதுராவிடம் காட்டி, இதை அழைப்பு என்று எடுக்கலாமா என்று கேட்டேன். பிள்ளை வாசித்துவிட்டு, “அப்பா, இப்பவே ரிக்கெற்றைப் போடுங்கோ” என்றாள். போட்டேன். கொழும்பில் இறங்கி வான் பிடித்தேன். இரவு முழுக்க உறுதியாக இருந்தேன். கண்டி வீதியால் வரும்போது சாவகச்சேரி முதலில் வருகிறது, அரியாலை பிறகுதான். சந்தையைக் கண்டதும் உறுதி போய்விட்டது. வானை நிற்பாட்டச் சொன்னேன்.

நீர் முன்னால் வந்ததைத்தான் எழுதினீர். என்னைப் பின்னால் வரச்சொல்லி எழுதவில்லை.

அக்கா என்னைக் கண்டு அழுதா, சோறு போட்டா, பிறகு நான் ஏன் இங்கே இறங்கினேன் என்று கேட்டா. சொன்னேன். அவவுக்குப் பழைய ஞாயம் ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் கலியாணம் அந்தப் பனிக்குள், ஒரு மண்டபத்தில், பகலில் மீன் பெட்டி தூக்குகிற ஐயர் வந்து நடந்தது. பொம்பிளையின் தம்பி மாப்பிள்ளையின் வீட்டுக்கு வந்து அழைத்துக்கொண்டு போவதுதான் முறை. என்னை ஒருவரும் வந்து அழைக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனை முறை அரியாலைக்கு வந்திருக்கிறேன் என்று சொன்னேன். அக்கா விடவில்லை. “வந்து போறது வேறை, வந்து குடியிருக்கிறது வேறை. ஆராவது வந்து அழைக்கட்டும்” என்றா. உம்முடைய தம்பி ரொறன்ரோவில் இருந்து வாட்ஸ்அப்பில், “அத்தான், ஒண்டும் யோசியாமல் போங்கோ” என்று குரல் அனுப்பினான். அக்கா அதைக் கேட்டுவிட்டு, மாப்பிள்ளை அழைப்பைப் போனில் செய்கிற காலத்தில் தான் இருக்க விரும்பவில்லை என்றா.

அக்காவைச் சாட்டுச் சொல்கிறேன் என்று உமக்கு விளங்கும். அவ சொன்னபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. எனக்கும் அது வேண்டும் போலத்தான் இருக்கிறது. நீர் கட்டின வாழ்க்கைக்குள் நான் ஒரு பெட்டியோடு வந்து நின்று, எந்த அலுமாரி எனக்கு என்று கேட்க வேண்டும். வேண்டாத ஆளாய் இருந்தாலும் நீர் சொல்லமாட்டீர். கொமட் வைத்துவிட்டு, ஆரும் வரலாம் என்று எழுதுகிற ஆள் நீர்.

இங்கிருந்து யாழ்ப்பாணம் போகிற எந்த பஸ்ஸும் உம்முடைய ஒழுங்கை முகப்பால்தான் போகிறது. நேற்று ஏறினேன். ஒழுங்கை வந்தது. நடத்துநர் அரியாலை, அரியாலை என்று கத்தினான். நான் எழும்பவில்லை. யாழ்ப்பாணம் வரைக்கும் போய், பேக்கரியில் ஒரு இறாத்தல் பாண் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். வாழ்நாள் முழுக்க சனத்தை அவரவர் இடத்தில் இறக்கிவிட்டவன் நான்.

ஜெயதீபன்


அரியாலை
11 செப்டம்பர் 2025

இஞ்சாருங்கோ,

திங்கட்கிழமை ஒழுங்கை முகப்பில் மீன்காரனிடம் நின்றபோது பஸ் ஒன்று போனது. யன்னலுக்குள் உங்கள் முகம் மாதிரி ஒரு முகம். பட்டப்பகலில் மனிசனை நினைத்து மயங்குகிறேனே என்று எனக்கே வெட்கமாகப் போச்சு. மீன்காரன், “என்னக்கா, சுகமில்லையோ?” என்று கேட்டான். வெயில் என்றேன். உங்களை நான் பிறகு பேசிக்கொள்கிறேன்.

கடிதத்தை வாசித்துவிட்டுத் தம்பிஐயா மாமாவுக்குச் சொன்னேன். அவர் உடனே வேட்டி மாற்றிக்கொண்டு வந்துவிட்டார், பொம்பிளையின் தம்பி ஸ்தானத்தில் தான் போகிறேன் என்று. எழுபத்தெட்டு வயதுத் தம்பி. நில்லுங்கோ, நான் போகிறேன் என்றேன்.

அக்கா சொல்வது முறைதான். பொம்பிளை போய் மாப்பிள்ளையை அழைக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. முன்பின் காணாத மாப்பிள்ளையிடம் பொம்பிளை ஒரு சூட்கேசோடு தனிய பிளேன் ஏறிப் போகிற வழக்கமும் எங்களிடம் இருக்கவில்லை. நான் போனேன். அந்தச் சின்ன விமான நிலையத்தில் இறங்கியபோது பனி கண்ணைத் திறக்க விடவில்லை. நீங்கள் வந்து நின்றீர்கள். படத்தில் பார்த்ததைவிட மெலிவு. வாருங்கோ என்று சொல்லக்கூட உங்களுக்கு வாய் வரவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தீர்கள். எனக்கு எந்த அலுமாரி என்று நானும் அன்றைக்கு யோசித்துக்கொண்டுதான் வந்தேன். வேண்டாத ஆளாய் இருந்தால் என்ன செய்வது என்றும் யோசித்தேன். உங்கள் கால் பதிந்த இடத்தில் என் காலை வைத்து வைத்து வந்தேன், வழுக்கக்கூடாது என்று.

இத்தனை வருசத்தில் இதை உங்களிடம் சொன்னதில்லை. நீங்கள் கேட்டதும் இல்லை.

உங்களுக்கு ஒரு முழு அலுமாரி இருக்கிறது. அம்மாவின் சீலைகளை எடுத்து மதுராவுக்கென்று கட்டி வைத்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நானே பஸ்ஸில் கொண்டுவருகிறேன். உங்கள் கையில் தந்துவிட்டு அக்காவின் முற்றத்தில் நிற்பேன். அக்கா தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்பா, பிறகு என்பேன்.

ஒன்றை மட்டும் இதில் எழுதவில்லை. உங்களைக் கேட்காமல் எல்லாம் செய்கிறேன் என்றீர்கள். கேட்கத்தான் வந்திருக்கிறேன். வாசித்து முடிந்தால் தலையை நிமிர்த்துங்கோ. கேட்கிறேன்.

உதயா